மாட்டாமல் விட்ட இரண்டு பட்டை

செத்துப்போன பெலார்மினோ சவப்பெட்டிக்குள்ளிருந்து கையை நீட்டி, அண்ணன் வீட்டு வாசலில் வண்டியைப் பிடித்து நிறுத்திவிட்டானாம். நியூ மெக்சிகோவின் வடக்கே, ஓஹித்தோ கிராமத்தில் இரண்டு மாதமாக இதுதான் பேச்சு.

பெட்ரோல் பங்கில் விசாரித்தால் வலது கை என்கிறார்கள். தபால் ஆபீசில் இரண்டு கையும். பர்ரிட்டோ என்கிற சுருட்டு ரொட்டிக்கு வண்டி போட்டிருக்கும் அம்மாளோ, கையெல்லாம் சுத்தப் பொய், குரல்தான் வந்தது என்கிறாள். "இங்கயே எறக்குங்கடா" என்று தெளிவாக வந்ததாம், தன் காதாலேயே கேட்டாளாம். அன்றைக்கு அவள் சான்டா ஃபேயில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தாள் என்பதை அவளிடம் ஞாபகப்படுத்தினால் பர்ரிட்டோவில் உருளைக்கிழங்கு குறைகிறது.

சரி, எது உண்மை என்று பார்த்துவிடலாம் என்று இறங்கினால், சில விஷயங்களில் ஊரே ஒத்துப்போகிறது. செப்டம்பர் மாதக் கடைசித் திங்கள், காலை பத்தரை மணி. பெலார்மினோவின் திராட்சை நிற பிக்கப், எழுபத்தெட்டாம் வருட மாடல், பூமியை உரசுகிற உயரம். பின்தட்டில் சவப்பெட்டி. பெட்டியைச் சுற்றி ஆறு பேர். ஓஹித்தோவில் பெட்டி தூக்குகிறவர்கள் வண்டிக்குப் பின்னால் நடந்து வருவதில்லை. பெட்டியோடு ஏறி உட்கார்ந்து, ஆளுக்கொரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு வருவார்கள். பின்னால் நாற்பது தாழ்த்திய வண்டிகள், நடக்கிறவன் முந்திப் போகிற வேகத்தில். பாசன வாய்க்காலைத் தாண்டுகிற மேட்டில் பிக்கப் ஏறியது. பாதியில் வயிறு மண்ணில் உட்கார்ந்துவிட்டது. நின்றது.

மேட்டுக்கு நேர் எதிரே திமோத்தியோவின் வீடு. பெலார்மினோவின் கூடப்பிறந்த அண்ணன். பதினொரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

இதுவரை சரி. மற்றதை அறுதியிட்டுச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்தன்தான். அன்று வண்டியை ஓட்டியவன், அதைத் தாழ்த்தியவனும் அவனே, மாக்லோவியோ. அவனிடம் கேட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கிறான். "என்னத்தச் சொல்ல" என்கிறான். அற்புதத்தைக் கண்ட மனுஷனுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று ஊர் தீர்மானித்துவிட்டது.

மாக்லோவியோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, இரண்டு வண்டி நிற்கிற இடம், ரேடியோ, ஒரு பீன்ஸ் டப்பா நிறைய பழைய நட்டுகள். முப்பது வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கின் வண்டிகளைப் பூமிக்கு அருகில் கொண்டுபோவதே அவன் பிழைப்பு. அளவெடுக்க டேப் எல்லாம் எடுக்க மாட்டான். ஒரு சிகரெட் பாக்கெட்டைப் படுக்கவைத்து வண்டிக்கு அடியில் தள்ளுவான். தாராளமாகப் போனால் வேலை முடியவில்லை. முனகிக்கொண்டு போனால் முடிந்தது.

முன்பக்கத்தைத் தாழ்த்துவது பெரிய வித்தை இல்லை. பிக்கப்பின் பின்பக்கம்தான் ஆளை யாரென்று காட்டும். சுமையைத் தாங்க அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கீழே இருக்கிற ஆக்ஸிலைக் கழற்றிப் பட்டைக்கு மேலே வைத்து யு போல்ட் போட்டு முறுக்கினால், வண்டி ஒரே நாளில் ஆறு அங்குலம் இறங்கிவிடும். இறங்கின சந்தோஷத்தில் விட்டுவிடுகிறவன் அரைகுறை. ஆக்ஸில் போய் முட்டாமலிருக்க அதற்கு நேர் மேலே வண்டிச் சட்டத்தைப் பிறை மாதிரி வெட்டி, வெட்டின இடத்தில் கனத்த தகடு அடிக்க வேண்டும். ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் கோணம் கெட்டுப்போகும், அதற்கு ஆப்பு வைக்க வேண்டும். ஷாக் அப்சார்பரைக் குட்டையாக மாற்ற வேண்டும். இவ்வளவும் மாக்லோவியோ பெலார்மினோவின் வண்டிக்குப் பிசகில்லாமல் செய்தான். அதில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

வண்டி வந்தது ஆகஸ்ட் நடுவில். பெலார்மினோ முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். நுரையீரல் கைவிட்டுவிட்டது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், பக்கத்தில் மனைவி எர்லிந்தா, மடியில் இரண்டு ஸ்பிரிங் பட்டை, காலடியில் அந்த வருஷத்து முதல் அறுவடையில் சுட்ட பச்சை மிளகாய் இரண்டு சாக்கு. வாசனையோடு வந்து இறங்கினான்.

"மச்சான், இதுதான் எனக்குக் கடைசித் தாழ்வு. இதுக்கும் கீழ போகணும்னா குழிதான்."

"வாயக் கழுவுடா."

"சிகரெட் பாக்கெட் உரசணும்."

"உன்ன சிகரெட்டே தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லலயா?"

"சிகரெட்டத்தான் சொன்னாரு. பாக்கெட்டப் பத்தி ஒண்ணும் சொல்லல." இருமி முடித்துவிட்டு மடியிலிருந்த பட்டைகளைத் தட்டினான். "இது பின்னாடிக்கு. சைடுக்கு ஒண்ணு. மேல என்னையும் வச்சு, ஆறு பேரும் ஏறுவானுங்க. பட்டைக்கட்டு தாங்கணுமில்ல? மறந்துராத. மிளகாய் அதுக்குத்தான். மத்த வேலைக்கெல்லாம் என் கல்யாணத்துல நீ குடிச்ச பீரோட கணக்குத் தீந்துபோச்சு."

சுமை ஏற்றுகிறவன் வண்டியைத் தாழ்த்த மாட்டான். தாழ்த்துகிறவன் சுமை ஏற்ற மாட்டான். பெலார்மினோவுக்கு ஒரே ஒரு நாளைக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

மாக்லோவியோ இரண்டு பட்டைகளையும் மாட்டத்தான் செய்தான். மாட்டி, வண்டியை இறக்கி, பாக்கெட்டைத் தள்ளினான். அது தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் விழுந்தது. வளைந்த பட்டை கூடினால் வெறும் வண்டி ஒரு விரல் உயரத்தானே செய்யும். அந்த ஒரு விரலைப் பார்த்துக்கொண்டு கொட்டகையில் ரொம்ப நேரம் நின்றான். பெலார்மினோ நாளை மறுநாள் பார்க்க வருகிறான். பாக்கெட் உரசுகிற சத்தத்தைக் கேட்கத்தான் வருகிறான். பட்டைகளைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டான். அவன் பார்த்துவிட்டுப் போனதும் மறுபடி மாட்டிவிட்டால் போச்சு. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பெலார்மினோ வந்தான். நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மாக்லோவியோ பாக்கெட்டைத் தள்ளினான். அது முனகிற்று. அந்தச் சத்தத்துக்குப் பெலார்மினோ கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னொரு தடவ."

இன்னொரு தடவை தள்ளினான்.

"பட்டை ரெண்டும் போட்டாச்சா?"

மாக்லோவியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "போட்டாச்சு மச்சான்."

"சந்தோஷம்" என்றான் பெலார்மினோ. அவ்வளவுதான்.

அதன்பிறகு மாக்லோவியோவுக்கு மூன்று வாரம் இருந்தது. பழைய யு போல்ட்டை மறுபடி முறுக்கக்கூடாது, புதுசு வேண்டும், கடையில் இல்லை. வந்தபோது மழை, கொட்டகை ஒழுகியது. மழை விட்டது, டிவியில் மேட்ச். அடுத்தது முதுகுப் பிடிப்பு. பாதி நாள் வேலை அது. பாதி நாள் வேலைக்குத்தான் மனுஷன் மூன்று வாரம் எடுத்துக்கொள்வான். ஒரு வார வேலையென்றால் உடனே தொடங்கிவிடுவான். வியாழக்கிழமை எர்லிந்தாவிடமிருந்து போன் வந்தது. வெள்ளியும் சனியும் வீட்டில் ஜெபமாலை. ஞாயிறன்று வண்டியைக் கழுவி மெழுகு போட ஊரே கொட்டகையில் நின்றது. அத்தனை பேருக்கு நடுவில் வண்டியைத் தூக்கிவைத்து, போட்டாச்சு என்று சொன்ன பட்டையை எடுத்து மாட்ட வேண்டும். மாக்லோவியோ மெழுகுத் துணியை எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை ஆறு பேரும் ஏறுவதை வண்டியின் பின்னோக்குக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் மூன்று பேர் பெலார்மினோவின் லியோபா சித்தி மகன்கள். அவ்வளவு கனம், மூன்று பேரையும் ஒரே படகில் ஏற்ற யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஒவ்வொருத்தன் ஏறும்போதும் கண்ணாடியில் வானம் கொஞ்சம் உயர்ந்தது. ஆறாவது ஆள் ஏறியபோது பின்பக்கம் நாலு விரல் இறங்கியிருந்தது.

வாய்க்கால் மேட்டில், தாழ்த்திய வண்டிக்காரன் எவனும் நேராக ஏற மாட்டான். கோணலாகப் போய், ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவான். அன்று கோணலாகப் போனால் பெட்டி சரியும். மாக்லோவியோ நேராக விட்டான். மண்ணும் இரும்பும் சேர்ந்து ஒரு சத்தம் போட்டது. பிறகு சத்தமே இல்லை.

"என்னண்ணே, ஆஃப் பண்ணிட்டியா?" பின்னாலிருந்து சித்தியின் மூத்த மகன் பெலிசியானோ.

"உக்காந்துருச்சு."

"எது?"

"வண்டி."

"இங்கயா?" பெலிசியானோ எதிர் வீட்டைப் பார்த்தான். நாற்பது வண்டியிலும் எல்லோரும் எதிர் வீட்டைத்தான் பார்த்தார்கள்.

அந்த மேட்டின் கதை இதுதான். திமோத்தியோ வாய்க்காலின் மேஸ்திரி. யாருக்கு எந்தக் கிழமை எத்தனை நேரம் தண்ணீர் என்று பிரித்துவிடுகிறவர். பதினொரு வருஷத்துக்கு முன் வசந்தத்தில் வாய்க்கால் தூர் வார பெலார்மினோ ஆள் அனுப்பவில்லை என்று தம்பியின் முறையில் நாற்பது நிமிஷத்தைக் குறைத்தார். அதே வருஷம் பெரிய குழாய் போட்டு இந்த மேட்டையும் உயர்த்தினார். என் வண்டி வயிற்றைக் கிழிக்கத்தான் உயர்த்தினான் என்றான் தம்பி. அதோடு பேச்சு நின்றுபோயிற்று.

கதவு திறந்தது. திமோத்தியோ சூட் போட்டு, டை கட்டி, ஷூவுக்குப் பாலீஷ் போட்டு வெளியே வந்தார். காலை ஒன்பது மணியிலிருந்து அவர் அப்படியே கதவுக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும். இது ஊரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. கை நீட்டிய கதைக்கு இது உதவாது.

அவர் வண்டியைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். பெட்டியை இறக்கியே ஆக வேண்டும் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இறக்கும்போது பெலிசியானோவின் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"தள்ளு, உன்னால ஆகாது" என்று சொல்லி, எழுபது வயசு திமோத்தியோ அவன் பிடித்திருந்த கைப்பிடியைப் பிடித்தார். அங்கிருந்து கோயில் முக்கால் மைல். கைமாற்ற எத்தனை பேர் வந்தும் விடவில்லை.

எல்லோரும் பெட்டியோடு நடந்துவிட்டார்கள். காலி வண்டி நாலு விரல் எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது. மாக்லோவியோ கியரைப் போட்டதும் மேட்டிலிருந்து இறங்கியது. முக்கால் மைலும் அவன் ஒருத்தன் மட்டும் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போனான்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமே. போகிற வழியில் பெட்டியை இறக்கிவைத்த இடத்தில் சிலுவை நடுவது இங்கே பழைய வழக்கம். திமோத்தியோ தானே தச்சு வேலை செய்து மேட்டோரத்தில் ஒன்றை நட்டார். எர்லிந்தாவுக்கு முறைத் தண்ணீரோடு அந்த நாற்பது நிமிஷத்தையும் சேர்த்து விட ஆரம்பித்தார். வெளியூரிலிருந்தெல்லாம் வண்டியோடு வந்து சிலுவைக்குப் பக்கத்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு நேரே மாக்லோவியோவின் கொட்டகைக்கு வருகிறார்கள். அற்புத வண்டியைத் தாழ்த்திய கை அல்லவா, எங்கள் வண்டியையும் தாழ்த்து என்கிறார்கள். முப்பது வருஷத்தில் இவ்வளவு வேலை அவனுக்கு வந்ததே இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் படுத்து நிமிர்ந்து பார்த்தால், ஆணியில் அந்த இரண்டு பட்டை.

பாவசங்கீர்த்தனம் செய்யலாமென்று கோயில் வரை போனான். சாமியார் தன் போனில் சிலுவைப் படத்தைக் காட்டினார். திரும்பி வந்துவிட்டான்.

அக்டோபரில் ஒரு மதியம் பட்டைகளையும், பாக்கியிருந்த ஒரு சாக்கு மிளகாயையும் தன் வண்டியில் போட்டுக்கொண்டு எர்லிந்தா வீட்டுக்குப் போனான். அவள் சமையலறையில் மிளகாய்த் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, வண்டிய ஒரு நாள் என் கொட்டகையில விட்டுவை. பின்னாடி சின்ன வேலை இருக்கு."

"ஒரு போல்ட்டக்கூடத் தொடக்கூடாது. அவர் எப்படி விட்டுட்டுப் போனாரோ அப்படியே நிக்கட்டும். நேத்துகூட அவங்கண்ணன் மூத்தவரு வந்து டயரத் தொட்டு சிலுவை போட்டுட்டுப் போறாரு."

"அது இல்ல, எர்லிந்தா." நாற்காலியை இழுத்தான், உட்காரவில்லை. "பட்டை நான் போடல. ரெண்டும் ஆணியிலதான் தொங்குச்சு. அதனாலதான் வயிறு தட்டுச்சு. கையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான். செத்துக்கிட்டிருந்தவன்கிட்ட போட்டாச்சுன்னு பொய் சொன்னேன்."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "கண்ணாடியத் தொடச்சீங்களா அண்ணே?"

"என்ன?"

"அன்னிக்கு அவர் கேட்டப்ப. தொடச்சீங்கல்ல?" ஒரு மிளகாயை முடித்து அடுத்ததை எடுத்தாள். "சிரிச்சா இருமல் வரும்னு அவர் சிரிக்கிறதையே விட்டிருந்தாரு. அன்னிக்குக் கார்ல வரும்போது வீடு வர்ற வரைக்கும் சிரிச்சாரு. 'ரெண்டு பட்டை போட்டா பாக்கெட் எப்பிடிடி உரசும்? மாக்லோ கழட்டி வச்சிருக்கான். கண்ணாடிய வேற தொடைக்கிறான்'னாரு."

மாக்லோவியோ இப்போது உட்கார்ந்தான்.

"அப்புறம் ஏன் என்ன ஒண்ணும் கேக்கல?"

"நானும் அதான் கேட்டேன். 'எனக்காகத்தான கழட்டினான். கேட்டா கூசிப்போவான்'னாரு."

வெளியே நாய் குரைத்து ஓய்ந்தது. மூன்று வாரமும் பெலார்மினோ போன் செய்யும்போதெல்லாம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதது மாக்லோவியோவுக்கு இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கேட்காததை அவன் அப்போது அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தான்.

"அன்னிக்குச் சாயங்காலம்தான் பெட்டி தூக்கற ஆளுங்க பேர எழுதினாரு" என்றாள் எர்லிந்தா.

"லியோபா சித்தி பசங்க மூணு பேரையுமா?"

"ஆமா."

"முன்னாடியே எழுதியிருந்தானா, இல்ல அன்னிக்குத்தான் அவனுங்களச் சேத்தானா?"

"முன்னாடி ஒரு தாள் இருந்துச்சு. அத அவர் கிழிச்சுப் போட்டுட்டாரு."

"அப்பன்னா அவனே, மேட்டுல நிக்கணும்னு..."

"எனக்கு என்ன தெரியும்? அந்தப் பசங்கன்னா அவருக்கு எப்பவும் உசிருதான்." கையைத் துண்டில் துடைத்தாள். "நீங்க பட்டை போடல. அது மட்டும் எனக்குத் தெரியும்."

மாக்லோவியோ எழுந்தான். சாக்கைக் கதவருகில் வைத்தான். "இதையாவது திருப்பி வச்சுக்க. வேலை செய்யல, மிளகாய் எதுக்கு?"

"எடுத்துட்டுப் போங்க. அவர் வேலைக்குக் குடுத்தது. வேலை பாக்கி இருக்கு."

"வேலை செய்ய நீதான் விடமாட்டேங்கறியே."

"ஆமா" என்றாள் எர்லிந்தா.

அவன் சாக்கைத் தூக்கிக்கொண்டான். வாசலில் நின்று, "மூத்தவர்கிட்டச் சொல்லிடறேன்" என்றான்.

"சனிக்கிழம என் முறைத் தண்ணி. பூண்டு நடணும். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

திரும்புகிற வழியில் திமோத்தியோ சிலுவைக்கு நீல வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். பிரஷ்ஷை ஆட்டி நிறுத்தச் சொன்னார்.

"மாக்லோ, ஒண்ணு கேக்கணும். ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு உளர்றானுங்க. நீதான் ஓட்டின. நெசமாச் சொல்லு. ஸ்டீயரிங் தானா இழுத்துச்சா?"

மாக்லோவியோவின் கை கண்ணாடிக்குப் போயிற்று. பாதி வழியில் நிறுத்தி ஸ்டீயரிங்மேல் வைத்துக்கொண்டான்.

"இல்லண்ணே. இழுக்கல."

"அப்ப ஏன் நின்னுச்சு?"

"சனிக்கிழம சாயங்காலம் வந்து சொல்றேன்."

"என்னடா, தண்ணி மாதிரி அதுக்கும் முறை வச்சிருக்கியா?" கிழவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பிரஷ்ஷிலிருந்து வர்ணம் ஷூவில் சொட்டியதை அவர் பார்க்கவில்லை. "சொல்லு, சொல்லு. எதுவா இருந்தாலும் சொல்லு. அவன் எங்கிட்ட வரணும்னு நெனச்சானா இல்லயா, எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்."

அதற்கு என்ன பதில் என்பது மாக்லோவியோவுக்கே அரைமணி நேரமாகத் தெரியவில்லை. மேட்டைக் கோணலாக ஏறினான். பக்கத்து சீட்டில் பட்டைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

அந்தச் சனிக்கிழமை எர்லிந்தாவின் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ந்தது, நாற்பது நிமிஷம் கூடுதலாகவே. சாயங்காலம் மழை. அடுத்த சனிக்கிழமை மேட்ச். அதற்கடுத்த வாரம் திமோத்தியோ மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் வந்தபோது மாக்லோவியோவுக்கு முதுகுப் பிடிப்பு. ஆறு சனிக்கிழமை போய்விட்டது. வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் திமோத்தியோ வாசலில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று பெட்ரோல் பங்கில் சொல்கிறார்கள். இதை மட்டும் நேரில் போய்ப் பார்த்தாயிற்று. இரண்டு நாற்காலிதான்.

பட்டைகள் திரும்பவும் ஆணிக்குப் போய்விட்டன. மிளகாய்ச் சாக்கு ஃப்ரீசரில் இருக்கிறது. குளிர் வந்துவிட்டதே, ஸ்டூவுக்குக் கொஞ்சம் எடுக்கவா என்று அவன் மனைவி ரொசெண்டா தினமும் கேட்கிறாள்.

"அது நம்மது இல்ல, வை" என்கிறான்.

"பின்ன யாருது?"

மாக்லோவியோ கண்ணாடியைக் கழற்றுகிறான்.